கைக்குழந்தைக்கு வேண்டியதை உள்ளேயே வையுங்கள்: பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதைச் சுற்றியும் பொழுதுபோக்குப் பூங்காக்களையும் நீர் விளையாட்டுப் பூங்காக்களையும் நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் உயரம் பார்க்கும் அளவுகோல் ஒன்று நிற்கிறது. குறித்த உயரத்தைத் தொடாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்கிறீர்கள். நல்ல வழக்கம். நிற்கவே தெரியாத கைக்குழந்தைக்கு அந்த அளவுகோலும் தேவையில்லை. இடுப்பில் இருந்தபடியே உள்ளே போய்விடுகிறது. என் மனக்குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. டிக்கெட் வாங்காத காரணத்தாலேயே அந்தக் குழந்தை உங்கள் கணக்கில் இல்லாமல் போகிறது. அதற்கும் பசிக்கும், வயிறு போகும், வெயிலில் வேர்க்குரு வரும் என்பதை யாரும் யோசித்து அந்த இடத்தைக் கட்டியதாகத் தெரியவில்லை. உங்களில் யாரேனும் ஏற்கெனவே யோசித்துச் செய்திருந்தால் அவர்களுக்கு என் நன்றி. இந்த மடல் மற்றவர்களுக்கு.

நான் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது பெரம்பூரில் மகளோடு இருக்கிறேன். பேத்திக்கு ஆறு வயது. அவள் தம்பி இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். போன கோடையில் அவன் எட்டு மாதக் குழந்தை.

"அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். கேட்டது ஒருவர்தான் என்றாலும், பலர் மனத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதனால் பதில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுப் பெண் பள்ளி விடுமுறைக்கு ஒரு நாள் கேட்கிறாள். அவளை அழைத்து வர அப்பாவும் அம்மாவும் வேண்டும். அம்மா வந்தால் பால் குடிக்கும் பிள்ளையும் வரத்தான் வேண்டும். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் சித்தப்பா குடும்பம் வந்தால் அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையும் வரும். நம் வீடுகளில் குடும்பம் என்பது இப்படி எல்லா வயதும் சேர்ந்ததுதான். உங்கள் விளம்பரப் பலகைகளிலும் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பமாகத்தான் சிரிக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண் ஓராண்டுக்கு, இரண்டாண்டுக்கு வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, மூத்த குழந்தையின் சந்தோஷத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு குடும்பம் எத்தனை மணிக்கு உங்கள் பூங்காவை விட்டுக் கிளம்புகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த டிக்கெட் இல்லாத குழந்தைதான். அது சிணுங்கத் தொடங்கினால் டிக்கெட் வாங்கிய ஐந்து பேரும் கிளம்ப வேண்டியதுதான்.

போன மே மாதம் எங்களுக்கு அதுவே நடந்தது. எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. ஓர் இடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. வாசலில் பையைச் சோதித்த இளைஞர் பிளாஸ்கைத் திறந்து பார்த்து, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார். குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர் என்று என் மகள் மன்றாடினாள். பிளாஸ்கை விட்டார்கள், டப்பாவில் இருந்த பருப்பு சாதத்தையும் இட்லியையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் செய்தார். என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நண்பகலுக்குப் பிறகு பேரனுக்கு வயிறு போகத் தொடங்கியது. கொண்டுபோன டயபர்கள் தீர்ந்தன. மருமகன் உள்ளே இருந்த ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். தொப்பி இருந்தது, கறுப்புக் கண்ணாடி இருந்தது, கைப்பேசியைத் தண்ணீர் படாமல் வைக்கும் உறை இருந்தது, காற்றடைக்கும் வளையம் இருந்தது. டயபர் இல்லை. தெருமுனைப் பெட்டிக் கடையில்கூட இரண்டு, மூன்று டயபர் கொண்ட சிறு பொட்டலம் சரமாகத் தொங்குகிறது; இவ்வளவு பெரிய பூங்காவில் ஒன்று இல்லை. வெளியே போய் வாங்கி வரலாம் என்றால், போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். செயலியில் ஆர்டர் செய்தால் பொருள் வாசல் வரை வந்துவிடும். அதை உள்ளே கொண்டுவந்து தர ஆள் கிடையாது. முன்பின் தெரியாத ஒரு தாய் எங்கள் தவிப்பைப் பார்த்துத் தன் பையிலிருந்து இரண்டு டயபர் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் விற்றிருக்க வேண்டிய பொருளை, தன் குழந்தைக்கென்று எண்ணி எடுத்து வந்ததிலிருந்து அவர் கொடுத்தார். அதற்குப் பிறகும் இருக்க முடியவில்லை. அலைக்குளத்தில் இறங்காமலேயே பேத்தி அழுதுகொண்டு வெளியே வந்தாள்.

வேண்டியதை வீட்டிலிருந்தே கூடுதலாக எடுத்து வரலாமே என்பீர்கள். எடுத்துத்தான் வருகிறோம். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு குழந்தை எத்தனை முறை பால் கக்கும், எத்தனை உடை நனைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எடுத்து வந்ததும் எங்கே இருக்கிறது? லாக்கரில். லாக்கர் எங்கே? நாங்கள் அங்கிருந்து வெகுதூரம் நடந்து வந்திருக்கிறோம்.

இனி ஒரு செவிலியராகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில் வெந்நீர். உங்கள் உணவுக்கூடத்தில் வெந்நீர் கேட்டால், தேநீர் இயந்திரத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காகிதக் கோப்பையில் தருகிறார்கள். பெரியவர்களுக்கு அது போதும். பால் பவுடர் குடிக்கும் குழந்தைக்குப் போதாது. டின்னில் வரும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதிலேயே நோய்க்கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலந்த பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து, குடிக்கும் சூட்டுக்கு ஆற்ற வேண்டும். கலந்த பாலை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஆக, காலையிலேயே கலந்து எடுத்து வருவதும் ஆபத்து, இருபது லிட்டர் கேன் தண்ணீரில் அப்படியே கலப்பதும் ஆபத்து. நல்ல கொதிநீர் தரும் ஒரு குழாயும் புட்டி கழுவ ஒரு தொட்டியும் இருந்தால் இந்தக் கவலை தீரும். வேறு வழியில்லாமல் தாய்மார்கள் உணவுக்கூடத்தில் தேநீருக்கு வைத்திருக்கும், சர்க்கரை போட்ட பாலை வாங்கிப் புட்டியில் ஊற்றுவதை நான் பார்த்தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பசும்பாலே முதன்மை உணவாகக் கூடாது; இது அதிலும் மோசம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, மே மாதத்திலும்தான். அந்தக் குழந்தைக்கு நீங்கள் எதையும் விற்க வேண்டாம். அதன் தாய் உட்கார ஓர் இடம் கொடுத்தால் போதும். நீர் விளையாட்டுப் பகுதியில் நைலான் உடைதான் அணிய வேண்டும் என்கிறீர்கள். வடிகட்டிக் கருவிகளில் நூல் போய் அடைக்காமல் இருக்க அது தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் கழுத்து வரை இறுகப் பிடித்த, ஈரம் சொட்டும் அந்த உடையோடு ஒரு பெண் எப்படிப் பாலூட்டுவாள் என்று உடை விதியை எழுதியபோது எவரேனும் எண்ணிப் பார்த்தீர்களா? ஈரத் தரையும் குளோரின் நெடியும் நிறைந்த உடை மாற்றும் அறையில், கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் தட்டிக்கொண்டிருக்க, நின்றபடியே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என் மகள். கழிப்பறைக்குள் அமர்ந்து எந்தப் பெரியவரும் சாப்பிட மாட்டார். குழந்தையை மட்டும் அங்கே சாப்பிடச் சொல்கிறோம்.

அடுத்தது டயபர். நீர் விளையாட்டுப் பூங்கா நடத்துகிறவர்கள் எங்கள் வசதிக்காக மட்டுமல்ல, தங்கள் குளத்தின் சுத்தத்துக்காகவும் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண டயபர் நீரை உறிஞ்சுவதற்கென்றே செய்யப்பட்டது. அதோடு குழந்தையைக் குளத்தில் இறக்கினால் அது ஊதிக் கனத்து, சில நேரம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் குளத்தில் கலக்கிறது. அதனால் பலர் டயபரைக் கழற்றிவிட்டு இறக்குகிறார்கள். குழந்தை மலம் கழித்துவிட்டால்? குளோரின் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். ஒரு வாய் தண்ணீரை விழுங்கும் மற்ற குழந்தைகளுக்கு அது பரவும். இதற்கென்றே நீச்சல் டயபர் இருக்கிறது. அது நீரை உறிஞ்சாது, மலத்தைச் சிறிது நேரம் தாங்கும். அடிக்கடி பார்த்து, குளத்தின் ஓரத்தில் வைத்து அல்லாமல் அதற்கென்ற இடத்தில் மாற்ற வேண்டும். எங்கள் தெரு மருந்துக் கடையில் நீச்சல் டயபர் கேட்டால் விழிக்கிறார்கள். அது அன்றாடம் தேவைப்படும் ஒரே இடம் உங்கள் பூங்காதான். நைலான் உடையை வாடகைக்கு விடும் அதே கவுன்டரில் இதையும் அளவு வாரியாக வையுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதியும் வையுங்கள்.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2015-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது. துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று 16 பொருள்கள். தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதிலேயே இருந்தது. பச்சைப் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒரு முறை உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். டயபர், ஈரத் துடைப்பான், பருத்தி உடை, வெயில் தொப்பி, பால் புகட்டும் பாலாடை, கரண்டி, ஈரத்துணி போட்டு வைக்க உறை. வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த, நீரில் கரைக்கும் தூளாக இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. திடஉணவு தொடங்கிய குழந்தைக்கு உங்கள் சமையல்காரர்கள் ஒன்றும் புதிதாகக் கற்க வேண்டாம். குழைந்த பருப்பு சாதம், காரமில்லாத இட்லி, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த ஆப்பிள், ஒரு வாழைப்பழம். எதைக் கேட்டாலும் மிளகாயும் மசாலாவும்தான் கிடைக்கும் என்ற நிலை மாற வேண்டும்.

பால் பவுடரை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அதை விற்பது குற்றமல்ல. ஆனால் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்கிறது. உங்கள் அறைக்கு நாற்காலியும் பெயர்ப் பலகையும் தருகிறோம், எங்கள் டின்களைக் காட்சிக்கு வையுங்கள் என்று எந்த நிறுவனம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேட்பவருக்கு உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தால் போதும்.

விலை பற்றி நீட்ட வேண்டியதில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு விலை அச்சிடுவதையும் 2018 ஜனவரி முதல் விதிகள் தடுத்திருக்கின்றன. தவித்து நிற்கும் தாயிடம் லாபம் பார்க்காதீர்கள்.

வாசலில் உணவுப் பையைப் பிடுங்குவது பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். ஜம்மு காஷ்மீர் திரையரங்குகள் தொடர்பான வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பளித்தது. அப்படித் தீர்ப்பளித்தபோதே, பெற்றோரோடு வரும் கைக்குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுபோகலாம், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் பதிவு செய்தது. அது திரையரங்கு பற்றிய வழக்குதான். ஆனாலும் மூன்று மணி நேரம் குளிர் அறையில் இருக்கிறவருக்குப் பொருந்தும் நியாயம், காலை முதல் மாலை வரை வெயிலில் இருக்கிறவருக்குப் பொருந்தாதா? உங்கள் அறிவிப்புப் பலகையில் "குழந்தை உணவுக்கும் வெந்நீருக்கும் தடையில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் வாசலில் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும். குழந்தைக்கு அவசரமாக மருந்தோ பொருளோ வாங்கப் போகிறவரின் கையில் ஒரு முத்திரை வைத்துத் திரும்ப உள்ளே விடுங்கள்.

அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் குழந்தைப் பராமரிப்புக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. பாலூட்ட ஆடும் நாற்காலியோடு தனி அறை, துணி மாற்ற மேடை, உணவு சூடாக்கும் அடுப்பு, குழந்தையை அமர்த்திச் சோறூட்ட உயர நாற்காலி எல்லாம் அங்கே உண்டு. டயபர், பால் பவுடர் போன்றவை விலைக்கும் கிடைக்கும். அப்பாவும் அம்மாவும் முறை மாற்றிச் சவாரி போகும் ஏற்பாடும் உண்டு. ஒருவர் குழந்தையோடு காத்திருப்பார், மற்றவர் போய் வந்ததும் இவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, நாளையே தொடங்கலாம்.

அது பணக்கார நாடு, டிக்கெட் விலையும் அப்படி என்று சொல்ல வேண்டாம். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் தமிழகம் முழுவதும் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறக்கப்பட்டன. சில இடங்களில் அவை பூட்டிக் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அறையோடு ஓர் ஆளும் வேண்டும் என்கிறேன். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் பாலூட்டவும் குழந்தையைக் கவனிக்கவும் அறைகள் அமைய மாநிலங்களை வலியுறுத்த வேண்டும் என்று மத்திய அரசிடம் கூறியது. சில ரூபாய் டிக்கெட்டோடு பஸ் ஏறும் பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும் என்று புரிந்துகொண்ட மாநிலம் இது. தலைக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் வாங்கும் இடத்தில் அது முடியாது என்றால் நான் ஏற்க மாட்டேன்.

அறையை வாசலில் வைக்காதீர்கள். அலைக்குளத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவில், முதலுதவி அறையை ஒட்டி வையுங்கள். பாலூட்டும் பகுதிக்குத் தனிக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கட்டும். துணி மாற்றும் மேடை அதற்கு வெளியே, அப்பாக்களும் வரக்கூடிய இடத்தில் இருக்கட்டும். பெண்கள் கழிப்பறையில் மட்டும் அந்த மேடையை வைத்தால், மனைவி மூத்த குழந்தையோடு சவாரியில் இருக்கும்போது கணவர் குழந்தையைப் புல்தரையில் கிடத்தித்தான் துணி மாற்ற வேண்டும். மூடியுள்ள குப்பைத் தொட்டியும் கை கழுவச் சோப்பும் வேண்டும். அருகிலுள்ள கிராமங்களின் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து, பிள்ளை வளர்த்த பெண்கள் இருவரை முறை போட்டு வேலைக்கு அமர்த்துங்கள். பொருள் விற்பதையும் கணக்கையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு மறைத்து வைக்காதீர்கள். அறை எங்கே இருக்கிறது, என்னென்ன கிடைக்கும், எதை நாங்கள் எடுத்து வரலாம் என்பதை உங்கள் இணையதளத்திலும் டிக்கெட்டின் பின்புறத்திலும் பூங்கா வரைபடத்திலும் தமிழில் அச்சிடுங்கள். வாசலில் நிற்கும் காவலர் முதல் தின்பண்டம் விற்கும் பையன் வரை, கேட்டால் வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் கோடை விடுமுறைக்குள் ஓர் அறையாவது திறக்க முடியும். பட்டியல் போடவோ, பணியாளர்களுக்கு வெந்நீர், புட்டி, ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை சொல்லித் தரவோ ஆள் வேண்டும் என்றால் என்னை அழையுங்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழிகளும் வருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோ, பழைய மகாபலிபுரம் சாலையோ, பூந்தமல்லிப் பக்கமோ, எங்கே என்றாலும் வருகிறோம். சம்பளம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை